அட்டைத் திருடனும் மெத்தைத் திருடனும்

ஷார்ஜாவுக்கு வெளியே ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். விசாவில் என் தொழில் 'கிளீனர்'. நடைமுறையில் சனிக்கிழமைகளில் சுடப்பட்ட திருடர்களுக்குப் பிளாஸ்திரி ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே திருடன். மற்ற நாட்களில்தான் தரை துடைத்தேன்.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அஜ்மானில் ஆறு பேர் தங்கும் ரூமில் இருந்தேன். எங்கள் கம்பெனி ஆள் அனுப்பும் கம்பெனி. இன்று பள்ளிக்கூடம், நாளை மால் என்று எங்கே இறக்கிவிட்டாலும் துடைக்க வேண்டும். சூப்பர்வைசர் ஒருநாள், "உனக்குக் கிளப் டூட்டி, ஏசி உண்டு" என்றார். நீச்சல் குளம் உள்ள கிளப் என்று நினைத்துச் சந்தோஷமாகப் போனேன். வேனை விட்டு இறங்கியதும் கேட்ட முதல் வெடிச்சத்தத்தில் தரையில் படுத்துவிட்டேன். வாசல் காவலாளி வந்து கையைப் பிடித்து எழுப்பி, மண்ணைத் தட்டிவிட்டு, காதில் மாட்டிக்கொள்ள ஒரு சாதனம் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் கைத்துப்பாக்கிப் போட்டி நடக்கும். அதற்குத் தற்காப்புப் போட்டி என்று பெயர். திறந்த வெளியில் பிளைவுட்டால் சுவர், கதவு, மேசை எல்லாம் செய்து வீடு மாதிரியோ கடை மாதிரியோ அமைப்பார்கள். ஆங்காங்கே மனித அளவில் அட்டைகள் நிற்கும். அவைதான் திருடர்கள். சுடுவதற்கு முன் ஒருவர் கதை படிப்பார். "நீங்கள் குடும்பத்தோடு உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று கொள்ளையர்கள் உள்ளே நுழைகிறார்கள்." உடனே சுடுபவர் மேசையில் உட்கார்ந்து, கையில் பிளாஸ்டிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, சாப்பிடுவது போலக் காத்திருப்பார். காதருகே ஒரு மின்கருவி 'பீப்' என்று கத்தும். கரண்டியைப் போட்டுவிட்டுச் சுடுவார்.

எங்கள் ஊர்ப்பக்கம் கொள்ளைக்காரர்கள் பீப் கொடுத்துவிட்டு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இங்கேயோ கொள்ளைக்காரர்களே இல்லை. உணவகத்தில் இடம் பிடிக்க மேசைமேல் போனை வைத்துவிட்டு வரிசையில் போய் நிற்கிற ஊர் இது. துப்பாக்கியை யாரும் கிளப்பைவிட்டு வெளியே எடுத்துப் போகவும் முடியாது. போட்டி முடிந்ததும் எண்ணிப் பார்த்துப் பெட்டகத்தில் பூட்டிவிடுவார்கள். ஆனாலும் துப்பாக்கி வெளியே தெரியக் கூடாது என்பது போட்டி விதி. அதனால் ஜூன் மாத வெயிலில் சட்டைக்கு மேல் ஆளுக்கொரு கையில்லாத கோட்டு. யார் இடுப்பில் எந்தப் பக்கம் துப்பாக்கி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கோட்டு மட்டும் கட்டாயம்.

ஒருவர் சுட்டு முடித்ததும் நான் ஓடிப்போய் அட்டைகளில் உள்ள ஓட்டைகள்மேல் பழுப்பு நிற டேப்பை ஒட்ட வேண்டும். அடுத்தவர் வருவதற்குள் செத்தவர்கள் எல்லோரும் பிழைத்திருக்க வேண்டும். ஒரு காலைக்குள் ஒரே திருடனைப் பன்னிரண்டு தடவை காப்பாற்றியிருக்கிறேன்.

அந்தப் போட்டியில் பெரும்பாலும் ஜெயிப்பவர் கோயமுத்தூர்க்காரர் ஒருவர். கட்டடக் கம்பெனியில் இன்ஜினியர், அஜ்மானில் மனைவி மக்களோடு இருந்தார். ஒல்லியான, கண்ணாடி போட்ட, யாரையும் 'ங்க' போடாமல் கூப்பிடத் தெரியாத மனிதர். சுடுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு, வெறும் விரலைத் துப்பாக்கியாக நீட்டி, காற்றில் இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே நடப்பார். நான் தமிழ் ஆள் என்று தெரிந்த அன்று அருகில் வந்தார்.

"ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?"

"அறந்தாங்கிப் பக்கம் சார்."

"ரொம்ப சந்தோசமுங்க. ஒரு சின்ன விசயமுங்க. டேப்பைக் கொஞ்சம் நேரா ஒட்டுனீங்கன்னா நல்லா இருக்கும். கோணலா இருந்தா எனக்குக் கண்ணு அங்கயே போயிருதுங்க."

அன்றிலிருந்து நான் நேராக ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நடப்பது வேறு பயிற்சி. அதை நடத்தியவர் லெபனான்காரர். பெரிய மனிதர்களுக்கு மெய்க்காவலராக இருந்தவர் என்று சொன்னார்கள். கழுத்தும் தலையும் ஒரே அகலம். அவருக்குச் சனிக்கிழமைப் போட்டியின்மேல் பொங்கிப் பொங்கி வரும் கோபம். அட்டை அடிக்குமா, அட்டை ஏமாற்றுமா, அட்டை பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுக்குமா என்று அரபியும் ஆங்கிலமும் உடைந்த ஹிந்தியுமாகக் கத்துவார். அவருடைய வகுப்பில் எல்லாம் நிஜம்போல இருக்க வேண்டும். அதற்கு நிஜமான ஓர் ஆள் வேண்டும். ஏற்கெனவே இருந்த ஆள் இடுப்பு வலியென்று நாட்டுக்குப் போய்விட்டார். நான் துடைப்பத்தோடு அந்த வழியாகப் போனேன். லெபனான்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "யல்லா, நீ வா" என்றார்.

மெத்தையைப் போலத் தடித்த ஒரு கறுப்பு உடுப்பு. தலைக்குக் கம்பிக்கூண்டு வைத்த கவசம். இரண்டு பேர் பிடித்துத்தான் எனக்கு மாட்டிவிட வேண்டும். உள்ளே போய்விட்டால் மூக்கு அரித்தாலும் அரித்தபடியே இருக்கும். என் வேலை இதுதான். படிக்க வந்தவர் பக்கத்தில் சாதாரணமாகப் போய், "பாய், டைம் கித்னா?" என்று ஹிந்தியில் மணி கேட்க வேண்டும். அவர் கவனம் சிதறும்போது பாய வேண்டும். அவர் என்னை அடித்துத் தள்ளிவிட்டு ஓட வேண்டும். சில வகுப்புகளில் கையில் பிளாஸ்டிக் துப்பாக்கி கொடுப்பார்கள். அதிலிருந்து மிளகு அளவுக்குச் சின்னக் குண்டு வரும்.

முதல் நாள் நான் பாய்ந்தபோது லெபனான்காரர் விசில் ஊதி நிறுத்தினார்.

"கோபம் மாஃபி!" என்றார். எங்கள் ஆட்களோடு பழகி, கோபம் என்ற ஒரு தமிழ் வார்த்தையை மட்டும் கற்று வைத்திருந்தார். கோபம் இல்லை என்கிறார். "கத்து! பயமுறுத்து!"

எனக்கு யார்மேல் கோபம்? எதிரே நின்றவர் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் பெண். வரும்போது எனக்கு வணக்கம் சொன்னவர். ஆனாலும் டூட்டி. "ஏய், நில்லு! எங்க போற?" என்று கத்தினேன். அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கெட்ட வார்த்தை வாயில் வரவில்லை. ஊரில் டவுன் பஸ் கண்டக்டர் கத்துவது ஞாபகம் வந்தது. அதை எடுத்துவிட்டேன். "உள்ள போ, உள்ள போ! படியில நிக்காத! சில்லறை இல்லாதவன்லாம் எறங்கு!"

அந்தப் பெண் வெலவெலத்துப்போய் என் கவசத்தில் அறைந்துவிட்டு ஓடினார். லெபனான்காரர் கைதட்டினார். "இதுதான்! இதுதான் நிஜம்!"

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அறந்தாங்கிப் பேருந்து நிலையமே அந்த ஹாலில் இறங்கியது. "ஆவுடையார்கோவில், ஆவுடையார்கோவில்!" என்று நான் ஓடி வந்தால், ஆறடி உயர பாதுகாப்பு அதிகாரிகள் பின்வாங்கினார்கள்.

இந்தச் செய்தி சனிக்கிழமை ஆட்களுக்குப் போனது. கிளப் கேன்டீனில் இன்ஜினியரும் லெபனான்காரரும் ஒருநாள் நேருக்கு நேர் பிடித்துக்கொண்டார்கள். நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் போட்டி வெறும் விளையாட்டு என்றார் லெபனான்காரர். அசையாத அட்டையையே சுடத் தெரியாதவர் ஓடி வருகிற ஆளை எப்படிச் சுடுவார் என்றார் இன்ஜினியர். குரல் உயர்ந்ததும் கிளப் மேனேஜர் வந்தார். ஒருவர் மற்றவருடைய இடத்துக்குப் போய்ச் செய்து காட்டுங்கள், கலாஸ், அதோடு முடிந்தது என்று சொல்லி இரண்டு பேருக்கும் டீ வரவழைத்தார்.

அந்த ஞாயிறு இன்ஜினியர் வகுப்புக்கு வந்தார். கோட்டுப் போட்டிருந்தார். அதற்குள் பிளாஸ்டிக் துப்பாக்கி. கவசத்துக்குள் இருப்பது நான்தான் என்று அவருக்குத் தெரியும். நான் நடந்துபோய், வழக்கம்போல, "பாய், டைம் கித்னா?" என்றேன்.

அவர் நின்று, சட்டைக் கையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நாப்பத்தி மூணுங்க" என்றார்.

என்ன செய்வது? பாய்ந்தேன். இரண்டு பேரும் விரிப்பில் விழுந்தோம். அவர் கண்ணாடி தனியாகப் போய் விழுந்தது.

"பீப் வரலீங்களே!" என்றார் அடியில் இருந்தபடி.

"பீப் கெடையாது சார்" என்றேன்.

இரண்டாவது தடவை அவர் ஏமாறவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நகர்ந்து, தூண் மறைவுக்குப் போய், கோட்டை விலக்கி, நெஞ்சில் இரண்டு குண்டு போட்டார். சரியாக ஒரே இடத்தில் பட்டன. ஒரே டேப்பில் இரண்டையும் மூடிவிடலாம். ஆனால் நான் நிற்கவில்லை. லெபனான்காரர் விசில் அடிக்கும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட விதி. "படியில நிக்காத!" என்று கத்திக்கொண்டு போனேன்.

"சுட்டுட்டனுங்க!" என்றார் அவர், தூணைச் சுற்றி ஓடிக்கொண்டே.

"தெரியுது சார். என்னைய விழச் சொல்லல சார்."

"நெஞ்சுல ரெண்டுங்க! நீங்க செத்துட்டீங்க!"

"பாஸ் விசில் அடிக்கல சார்!"

தூணை மூன்று சுற்று சுற்றினோம். மெத்தை உடுப்போடு ஓடுவது சுலபமில்லை. கடைசியில் மூச்சு வாங்கி நான் உட்கார்ந்தேன். அவரும் தூணின் மறுபக்கம் உட்கார்ந்தார். இரண்டு குண்டு பட்டும் ஆள் வந்துகொண்டே இருப்பான், பார்த்தீர்களா, என்று லெபனான்காரர் எல்லோருக்கும் பாடம் சொன்னார். எனக்குத் தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இன்ஜினியர்தான் எழுந்து வந்து கவசத்தைக் கழற்றிவிட்டுப் பாட்டிலை வாயருகே பிடித்தார்.

அடுத்த சனிக்கிழமை லெபனான்காரரின் முறை. அன்றைக்கு வாசித்த கதை இது: நீங்கள் மளிகைக் கடையில் இருக்கிறீர்கள், மூன்று கொள்ளையர்கள் வருகிறார்கள், தற்காத்துக்கொள்ளுங்கள். பிளைவுட் கடையில், கையில் வெங்காயப் பையோடு அவர் நின்றார். பீப் அடித்தது. அவர் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி, பின்கதவு வழியாக வெளியே நடந்தார். துப்பாக்கியை எடுக்கவே இல்லை. எல்லைக் கயிறுவரை போய், அங்கே நின்று, "நான் வீட்டுக்குப் போய்விட்டேன். உயிரோடு இருக்கிறேன். இதுதான் தற்காப்பு" என்றார்.

யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. அந்த மின்கருவி கடைசிக் குண்டின் சத்தத்தில்தான் நேரத்தை நிறுத்தும். குண்டே இல்லை. திரையில் பூஜ்யம். பூஜ்யம் என்றால் உலகிலேயே வேகமான ஆள் என்று ஒருவர் வாதாடினார். அட்டைகள் ஒன்றுகூடச் சாகவில்லை, அதனால் அபராதம் போட வேண்டும் என்றார் இன்னொருவர். கதையில் 'தற்காத்துக்கொள்ளுங்கள்' என்றுதானே இருக்கிறது, 'சுடுங்கள்' என்று எங்கே இருக்கிறது என்று மூன்றாமவர் கேட்டார். இன்ஜினியர் விதிப்புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கம்வரை புரட்டினார். பன்னிரண்டு பேர் வெயிலில் கோட்டோடு ஒரு மணி நேரம் விவாதம் செய்தார்கள். நான் டேப்போடு காத்திருந்தேன். ஒட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத சனிக்கிழமை அது ஒன்றுதான்.

கடைசியில் முடிவு எழுதாமலே கலைந்தார்கள். இருவரும் தாங்கள் ஜெயித்ததாகவே நினைத்தார்கள்.

இதற்குப் பத்து நாள் கழித்து நடந்ததுதான் எனக்கு வந்த வினை. ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. ஷார்ஜாவில் இருக்கும் மச்சானைப் பார்க்கலாம் என்று மதியம் அஜ்மான் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். போனில் சார்ஜ் இல்லை. பக்கத்தில் முப்பது வயதிருக்கும் ஓர் ஆள், முதுகில் பையோடு நின்றார். எந்த ஊர் என்று தெரியாததால் ஹிந்தியில் கேட்டேன்.

"பாய், டைம் கித்னா?"

அடுத்து நடந்ததை நான் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடியும். அவர் உடம்பு ஒரு தடவை துள்ளியது. உள்ளங்கை என் தாடையில் வந்து மோதியது. இன்னொரு கை நெஞ்சில் தள்ளியது. நான் நடைபாதைக் கல்லில் விழுந்தேன். அவர் இரண்டடி பின்வாங்கி, கைகளை முன்னால் நீட்டி, என்னைப் பின்னால் போகச் சொல்லி ஆங்கிலத்தில் "பேக்! பேக்!" என்று கத்தினார். பிறகு வலது பக்கமும் இடது பக்கமும் திரும்பி இரண்டாவது ஆளைத் தேடினார். அது வகுப்பில் சொல்லித்தருவது. ஒருவனை வீழ்த்தியதும் கூட்டாளி இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். பேரீச்சம்பழப் பெட்டியோடு நின்ற ஒரு பெரியவர்தான் அகப்பட்டார். அவரைப் பார்த்தும் "பேக்!" என்றார். பெரியவர் பெட்டியை அவரிடமே நீட்டினார்.

"ஐயோ, அம்மா" என்றேன் நான்.

அந்த ஆளின் கை அப்படியே கீழே இறங்கியது. "தமிழா?" என்றார். குனிந்து என் முகத்தைப் பார்த்தார். முகம் அவருக்குத் தெரியவில்லை. குரல்தான் தெரிந்தது. "அண்ணாச்சி... நீங்க... கிளப்புல மெத்தை போட்டுக்கிட்டு வருவீயளே, அவுகளா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். தாடையிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓர் ஆஸ்பத்திரியில் செக்யூரிட்டி. அவருடைய கம்பெனி மூன்று ஞாயிறு அவரை எங்கள் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறது. மூன்று ஞாயிறும் நான் டைம் கேட்டு அவர்மேல் பாய்ந்திருக்கிறேன். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தெரியாம அடிச்சிட்டேன் அண்ணாச்சி. அந்த வார்த்தையக் கேட்டதும் கை தானா போயிட்டு. என்ன செய்தேன்னே எனக்குத் தெரியல."

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தார். இந்த ஊரில் தெருவில் கைகலப்பு என்றால் இருவருக்குமே ஆபத்து. நான் எழுந்து, சிரித்து, அவர் தோளில் கை போட்டு, "ஃபிரண்டு, ஃபிரண்டு, பிராக்டிஸ்" என்றேன். சிரித்ததில் இன்னும் ரத்தம் வந்தது. அவரும் என் தோளில் கை போட்டார். பெரியவர் எங்களுக்கு ஆளுக்கு இரண்டு பேரீச்சம்பழம் கொடுத்தார். அவற்றைத் தின்றபடியே டாக்ஸி பிடித்தோம்.

கிளினிக்கில் இரண்டு தையல். கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். பிறகு ஒரு மலையாளி டீக்கடையில் உட்கார்ந்தோம். எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை. டீயை ஸ்பூனில் குடித்தேன். அவர் தன் டீயைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா அண்ணாச்சி? தப்பா நெனைக்கப்பிடாது. கிளாஸ்ல நீங்க பாய்ஞ்சு வரும்போது நெசமாவே எங்க மேல கோவமா?"

"இல்லப்பா. அது டவுன் பஸ்சு கண்டக்டர் சத்தம்."

"தெரியும் அண்ணாச்சி. எனக்கு மட்டும் அர்த்தம் புரிஞ்சுது. ஆனா பயம் பயமாத்தான் இருந்துச்சு. ரூம்ல போயிப் படுத்தா, யாரோ சில்லறை கேட்டு வெரட்டுத மாதிரியே இருக்கும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மனிதரை மூன்று வாரம் தூங்கவிடாமல் பண்ணியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தனை பேர் என்னை அடித்திருக்கிறார்கள், சுட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. இவர்தான் கேட்டார்.

மறுநாள் தாடையில் கட்டோடு கிளப்புக்குப் போனேன். நடந்ததைக் கேட்டு லெபனான்காரர் எழுந்து நின்று என்னைக் கட்டிப்பிடித்தார். தன் பயிற்சி தெருவில் வேலை செய்கிறது என்பதற்கு என் தாடைதான் ஆதாரம் என்றார். போட்டோ எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை இன்ஜினியர் கட்டைப் பார்த்துவிட்டு, "இதத்தானுங்க நான் அப்பவே சொன்னேன். சுடக் கூடாத ஆள் யாருன்னு பாக்கப் பழகோணும். எங்க போட்டியில அது உண்டுங்க" என்றார். அவருக்கும் என் தாடைதான் ஆதாரம்.

இனி மெத்தை உடுப்புப் போட மாட்டேன் என்று லெபனான்காரரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், சரி என்றார். என் இடத்துக்கு நேபாளி ஒருவர் வந்தார். புதுக் குரல், புது மாதிரியாகப் பாய்கிறார் என்றதும் பழைய மாணவர்கள் எல்லோரும் மறுபடி அடி வாங்கினார்களாம். அவர்கள் படித்தது தற்காப்பை இல்லை, என்னை.

இன்ஜினியர் அந்த மாதப் போட்டிக்கு ஒரு புதுக் கதை எழுதினார். இடம்: பேருந்து நிறுத்தம். நான்கு திருடர்கள். நடுவில் டைம் கேட்கும் ஓர் அப்பாவி. அப்பாவி அட்டைக்கு அடையாளமாக விரித்த இரண்டு கைகளை வரைவார்கள். அதைச் சுட்டால் பெரிய அபராதம். "உங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்கல்ல?" என்று கேட்டு, அட்டைமேல் என் கையை வைக்கச் சொல்லி, மார்க்கரால் சுற்றி வரைந்துகொண்டார்.

திருநெல்வேலிக்காரரை அன்று விருந்தாளியாக அழைத்திருந்தேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் என்னைச் சுட்டார்கள். ஐந்தாவது ஆள் இன்ஜினியரேதான். அவசரத்தில் எனக்குப் பின்னால் இருந்த திருடனைக் குறிபார்த்திருக்கிறார். குண்டு என் இடது கை வழியாகப் போனது. அவர் முகம் வெளிறிப்போய் என்னிடம் ஓடி வந்தார்.

"மன்னிச்சுக்குங்க. உங்களை நான் பாக்கவே இல்லீங்க."

"பரவால்ல சார்" என்றேன். வேறென்ன சொல்வது?

அன்று அவர் எட்டாவது இடம். போட்டி முடிந்ததும் எங்கள் இருவரையும் தன் காரிலேயே அஜ்மானில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வழியெல்லாம் அந்த அட்டையை அரையடி தள்ளி வைத்திருந்தால் பட்டிருக்காது என்று விளக்கிக்கொண்டே வந்தார். பின்சீட்டில் திருநெல்வேலிக்காரர் பையை மடியில் வைத்தபடி நன்றாகத் தூங்கிவிட்டார். ஆஸ்பத்திரி டூட்டி முடித்து நேராக வந்திருந்தார். அவர் ரூம் இருந்த தெரு வந்ததும், மெதுவாகத் தோளைத் தொட்டு எழுப்பினேன்.